பிடித்த படம் எது? தலைநகரில் முடிவுறாத ஒரு விவாதம்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா மீதான விவாதம் எவ்வளவு காரசாரமாக இருந்தாலும் வாக்கெடுப்புடன் முடிந்துவிடும். "உங்களுக்குப் பிடித்த படம் எது?" என்ற கேள்வியுடன் திரைப்பட ஆர்வலர்களிடையே தொடங்கும் விவாதத்துக்கு அவைத் தலைவரும் கிடையாது, நேரம் முடிந்ததாக மணியடிப்பவரும் கிடையாது.

லோதி சாலையில் உள்ள இந்தியா ஹேபிடாட் மையத்திலோ, லோதி தோட்டத்தை ஒட்டியுள்ள இந்தியா சர்வதேச மையத்திலோ திரையிடல் முடிந்து வெளியே வருபவர்கள் உடனே வீடு திரும்புவதில்லை. வங்காளத்தைச் சேர்ந்தவர் ரித்விக் கட்டக்கை முன்வைப்பார். மலையாளி அரவிந்தனை விட்டுக்கொடுக்க மாட்டார். தமிழர் ஒருவர் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' படத்தைக் குறிப்பிட்டதும், "அதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லையே" என்று மற்ற இருவரும் சொல்வார்கள். விவாதம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு படங்களை ஒப்பிட வேண்டுமானால், பேசும் இருவரும் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். இத்தனை மொழிகளில் படமெடுக்கும் ஒரு நாட்டில் இந்த எளிய நிபந்தனை எளிதில் நிறைவேறுவதில்லை.

சர்வதேச திரைப்பட விமர்சகர்கள் கூட்டமைப்பின் இந்தியப் பிரிவு, 2022-ல் தனது உறுப்பினர்கள் 30 பேரிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, இந்தியாவின் தலைசிறந்த 10 படங்களைத் தேர்ந்தெடுத்தது. சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' முதலிடம் பெற்றதில் எவருக்கும் வியப்பில்லை. கட்டக்கின் 'மேகே டாகா தாரா', மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்', கிரீஷ் காசரவள்ளியின் 'கடஸ்ராத்தா', எம்.எஸ். சத்யுவின் 'கர்ம் ஹவா', ரேயின் 'சாருலதா', ஷியாம் பெனகலின் 'அங்குர்', குருதத்தின் 'ப்யாசா' ஆகியவற்றுக்குப் பிறகு பத்தாவது இடத்தை 'ஷோலே' பிடித்தது.

ஐந்து ஹிந்திப் படங்கள், மூன்று வங்காளப் படங்கள், மலையாளத்திலும் கன்னடத்திலும் தலா ஒன்று. தமிழ், தெலுங்கு, மராத்தி ஆகிய மொழிகளுக்கு இடமில்லை. இதைப் பாரபட்சம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், எந்தப் படங்கள் துணைத் தலைப்புகளுடன் நாடெங்கும் திரையிடப்பட்டன, எவை தம் மாநில எல்லையைத் தாண்டவில்லை என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் இப்பட்டியல் புரியும். ரேயும் சென்னும் அடூரும் மேதைகள் என்பதில் ஐயமில்லை; அதே வேளையில், அவர்களது படங்களைச் சுமந்துசென்று காட்ட ஓர் இயக்கமும் இருந்தது.

எம்.பி.க்கள் வளர்த்த இயக்கம்: அந்த இயக்கத்தின் வரலாற்றில் நாடாளுமன்றத்துக்கும் பங்குண்டு. 1947 அக்டோபரில் ரே, சிதானந்த தாஸ்குப்தா உள்ளிட்ட நண்பர்கள் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொதம்கின்' படத்தைப் பார்த்துவிட்டு மணிக்கணக்கில் தர்க்கம் செய்த இளைஞர்கள் அவர்கள். 1952 ஜனவரியில் மத்திய அரசு நடத்திய முதல் சர்வதேச திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', ஜப்பானின் 'ராஷோமான்' ஆகிய படங்களை இந்திய ரசிகர்கள் பலர் முதன்முறையாக அப்போதுதான் கண்டனர். ஹாலிவுட்டுக்கும் பம்பாய்க்கும் வெளியே ஓர் உலகம் இருப்பது அப்போது தெரியவந்தது.

தில்லி திரைப்படச் சங்கம் 1956-ல் உருவானது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கல்வியாளர் விஜயா மூளே. கல்கத்தா, தில்லி, சென்னை, பாட்னா உள்ளிட்ட நகரங்களின் சங்கங்கள் ஒன்றிணைந்து 1959-ல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் சம்மேளனத்தை அமைத்தபோது, ரே தலைவரானார். துணைத் தலைவர்களில் ஒருவர் அம்மு சுவாமிநாதன். அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றவர், 1952 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானவர். கேப்டன் லட்சுமியின் தாயார் என்று மட்டுமே அவரை அறிந்திருப்போருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். மற்றொரு துணைத் தலைவர் இந்திரா காந்தி. 1964-ல் அவரே தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

9-வது பிரிவு: 1952-ம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தில் 9-வது பிரிவு சில வரிகளே கொண்டது. ஒரு படத்துக்கோ, ஒரு வகைப் படங்களுக்கோ, நிபந்தனைகளுடன் சான்றிதழ் விதிகளிலிருந்து விலக்களிக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. உறுப்பினர்களுக்கு மட்டும், நுழைவுச் சீட்டு விற்காமல் படம் காட்டும் திரைப்படச் சங்கங்கள் தழைத்தது இத்தகைய விலக்கின் நிழலில்தான். தூதரகங்கள் இரவல் தந்த போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா, பிரான்ஸ் நாட்டுப் படங்கள் 16 மி.மீ. புரொஜெக்டரில் ஓடின. தணிக்கைக் கத்தரி படாத காட்சிகளுக்காகவே சந்தா கட்டியவர்களும் இருந்தார்கள் என்பதை இயக்கத்தின் மூத்தவர்கள் மறுப்பதில்லை. எந்தக் காரணத்துக்காக வந்தாலும் படம் நல்ல படமாக இருந்தது!

இயக்கம் பெருநகரங்களோடு நிற்கவில்லை. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகா சங்கம் கேரளமெங்கும் பல சங்கங்களுக்கு முன்னோடியாயிற்று. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் கே.வி. சுப்பண்ணாவின் நீநாசம் அமைப்பு, பாக்குத் தோட்ட விவசாயிகளுக்கு உலகப் படங்களைக் காட்டி, அவர்களையும் விவாதிக்க வைத்தது. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம், 1980-களில் கேரளத்தில் ஒடேசா குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் திரட்டிய பணத்தில் 'அம்மா அறியான்' எடுத்தார். ரசிகனே தயாரிப்பாளரான அதிசயம் அது.

சங்கங்கள் எட்டாத வீடுகளுக்கு தூர்தர்ஷன் சென்றது. 1980-களில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் விருது பெற்ற மாநில மொழிப் படங்கள் ஆங்கிலத் துணைத் தலைப்புகளுடன் ஒளிபரப்பாயின. அவற்றைப் பார்க்கும்போதே கண்ணயர்ந்தவர்கள் பலர் என்றாலும், ஒரு மராத்திப் படத்தையும் ஓர் அசாமியப் படத்தையும் மதுரையிலும் மீரட்டிலும் ஒரே நாளில் பார்த்திருக்கிறார்கள். வேறெந்தத் திட்டமும் சாதிக்காத தேசிய ஒருமைப்பாடு இது என்று சொன்னால் மிகையாகாது.

எரிக்கப்பட்ட படமும் மாற்றப்பட்ட முடிவும்: ஒப்பிடவே முடியாமல் போன படங்களும் உண்டு. மக்களவை உறுப்பினராக இருந்த அம்ரித் நாஹடா எடுத்த 'கிஸ்ஸா குர்ஸி கா' என்ற அரசியல் நையாண்டிப் படத்தின் பிரதிகள் நெருக்கடி நிலைக் காலத்தில் கைப்பற்றப்பட்டு அழிக்கப்பட்டன. இது தொடர்பான வழக்கில் சஞ்சய் காந்தியும், முன்னாள் அமைச்சர் வி.சி. சுக்லாவும் 1979-ல் தண்டிக்கப்பட்டு, மேல் முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். நாஹடா அந்தப் படத்தை மீண்டும் எடுத்து 1978-ல் வெளியிட்டார். இன்று கிடைப்பது அந்த இரண்டாவது படமே. முதலாவது எப்படியிருந்தது என்பதை விவாதிக்க வழியில்லை.

அதே நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 ஆகஸ்ட் 15-ல் வெளியான 'ஷோலே' வேறு வகையில் பாதிக்கப்பட்டது. கப்பர் சிங்கைத் தாகூர் கொல்வதாக எடுக்கப்பட்ட முடிவு, தணிக்கையின் வற்புறுத்தலால், போலீஸார் வந்து கைது செய்வதாக மாற்றப்பட்டது. மூல முடிவுடன் சீரமைக்கப்பட்ட பிரதி 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனா நகர விழாவில் திரையிடப்பட்டது. ஆக, அரை நூற்றாண்டாகக் கோடிக்கணக்கானோர் பார்த்துப் பார்த்து வசனம் மனப்பாடம் செய்து, வாக்கெடுப்பில் பத்தாவது இடமும் கொடுத்த படம், இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த படம் அல்ல!

அரசின் அலட்சியத்தாலும் காலத்தின் அரிப்பாலும் மறைந்தவை இன்னும் அதிகம். நாட்டின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வின் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' கதியும் அதுவே. இரண்டும் 1931-ல் வெளியானவை. தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல் அமைக்கப்பட்டபோது ஏற்கெனவே காலம் கடந்திருந்தது. பி.கே. நாயர் என்ற ஒரு மனிதரின் பிடிவாதம் இல்லாதிருந்தால், எஞ்சியதும் போயிருக்கும். பழைய சுருள்களைத் தேடி அலைந்து, 1991-ல் அவர் ஓய்வு பெற்றபோது காப்பகத்தில் சுமார் 12 ஆயிரம் படங்கள் இருந்தன. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவான உதயசங்கரின் 'கல்பனா' (1948) அவர் காத்த படங்களுள் ஒன்று. மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடங்கிய அமைப்பு அதைச் சீரமைத்து 2012-ல் கான் விழாவில் திரையிட்டது.

அந்தக் காப்பகம் இப்போது தனி அமைப்பாக இல்லை. திரைப்படப் பிரிவு, திரைப்பட விழாக்கள் இயக்குநரகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம் ஆகியவற்றுடன் 2022 மார்ச்சில் அதுவும் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. ஒரே வேலையைப் பல அமைப்புகள் செய்வதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று அரசு விளக்கம் அளித்தது. வருவாய் ஈட்ட வேண்டிய ஒரு கழகம், வருவாய் தராத பழைய சுருள்களை எவ்வளவு காலம் பேணும் என்று திரைத் துறையினர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2,200 படங்களைச் சீரமைக்கும் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

தில்லி ரசிகர்களின் மனக்குறை வேறு. சர்வதேச திரைப்பட விழா 2004-ல் கோவாவுக்குச் சென்றுவிட்டது. சாணக்கியா திரையரங்கு 2007 இறுதியில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. கன்னாட் பிளேஸின் ரீகல், 2017 மார்ச் இறுதியில் ராஜ் கபூர் படங்களைத் திரையிட்டு விடைபெற்றது. பாலிகா பஜாரில் திருட்டுக் குறுந்தகடுகளில் குரோசவாவைத் தேடிய தலைமுறைக்கு இன்று கைப்பேசியிலேயே படங்கள் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே வெவ்வேறு படம் பார்க்கிறார்கள். 2023-ல் நிறைவேறிய திரைப்படச் சட்டத் திருத்தம் திருட்டு நகலெடுப்போருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அது அவசியமே. சட்டப்படி ஒரு பழைய படத்தைத் தேடிப் பார்க்க விரும்புவோருக்கு என்ன வழி என்பதற்கு அதில் விடையில்லை.

ஒரு வழி இருப்பதை 2024 காட்டியது. குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் தலா 2 ரூபாய் கொடுத்து உருவாக்கிய பெனகலின் 'மந்தன்' (1976), தனியார் அறக்கட்டளை ஒன்றால் சீரமைக்கப்பட்டு, மே மாதம் கான் விழாவிலும், ஜூன் மாதம் இந்திய நகரங்களின் திரையரங்குகளிலும் திரையிடப்பட்டது. 2006 முதல் 2012 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த பெனகல், தமது படம் மீண்டும் பெரிய திரைக்கு வந்ததைக் கண்டுவிட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அதைப் பார்த்தவர்களில் ஒரு சாராருக்கு 'அங்குர்' படத்தை விட 'மந்தன்' மேலானதாகத் தோன்றியது. மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.