முதல் தலைவலி எந்த வயதில் வந்தது?

தலைவலி என்று மருத்துவரிடம் போகும்போது எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று சொல்லத்தான் தயாராகப் போகிறோம். இதே மாதிரி வலி முதன்முதலில் எந்த வயதில் வந்தது என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது பெரிய உதவி.

உலகில் மிக அதிகம் பேருக்கு வருவது டென்ஷன் தலைவலி. தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல இரண்டு பக்கமும் அழுத்தும். மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியைப் போல விண்விண்ணென்று தெறிக்காது, வாந்தி இருக்காது, மாடிப்படி ஏறினால் அதிகமாகாது. அரை மணி நேரத்திலும் விடலாம், ஒரு வாரமும் நீளலாம். 1991-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்ததாகச் சொன்னவர்கள் 78 சதவீதம்! கர்நாடகத்தில் பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் வந்தவர்கள் 35 சதவீதம்.

இது தொடங்கும் சராசரி வயது 25 முதல் 30. மைக்ரேன் பெரும்பாலும் அதற்கு முன்பே, பள்ளி கல்லூரிக் காலத்திலேயே தலைகாட்டிவிடும். டென்ஷன் தலைவலி முப்பதுகளில்தான் உச்சத்தில் இருக்கிறது, பிறகு மெல்லக் குறைகிறது. சராசரி என்பதால் பள்ளிப் பிள்ளைக்கு வராது என்று எண்ண வேண்டாம், வரும். இன்னொன்று, இந்த வயதுக் கணக்கு பெரும்பாலும் மக்களின் நினைவிலிருந்து எடுத்தது. முதல் லேசான வலியை யார் குறித்து வைக்கிறார்கள்? தொந்தரவாக ஆன காலம்தான் மனதில் நிற்கும். ஆகவே உண்மையான தொடக்கம் இன்னும் சற்று முந்தியதாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வேலை, கைக்குழந்தை, கெட்ட தூக்கம் எல்லாம் அந்த வயதில் ஒன்றாகச் சேருகின்றன. மன அழுத்தமும் தூக்கக் குறைவும் இந்த வலியைத் தூண்டுபவைதான். ஆனாலும் பழியை முழுக்க மனதின் மேல் போட முடியாது. இந்த வலி உள்ளவர்களின் நெற்றிப்பொட்டு, தாடை, பிடரி, தோள்பட்டைத் தசைகளை விரலால் அழுத்தினால் மற்றவர்களைவிட அதிகம் வலிக்கிறது. வலி அடிக்கடி வர வர, தண்டுவடமும் மூளையும் தசைகளிலிருந்து வரும் செய்திகளுக்குக் கூடுதலாகக் கூசத் தொடங்குகின்றன. லேசான அழுத்தமும் வலியாகிவிடுகிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு அதிகமாக வந்தால் அது நாட்பட்ட வகை. அந்த நிலையில் மருந்துக்கடை மாத்திரையை நம்புவதுதான் எனக்குக் கவலை. பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாளுக்கும், பல மருந்து கலந்த மாத்திரைகளை 10 நாளுக்கும் குறையாமல் மாதக்கணக்கில் விழுங்கினால், மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யும்.

இருபத்தெட்டு வயதில் தொடங்கி, வந்து வந்து போகும் வலி பொதுவாக ஆபத்தானதல்ல. அதுவரை தலைவலியே அறியாதவருக்கு 50 வயதுக்குப் பிறகு புதிதாக வந்தால் கதை வேறு. ‘டென்ஷனாக இருக்கும்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது.

அப்படிப் புதிதாக வரும் தலைவலிக்குக் காரணமாகும் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்றொரு நோய் உண்டு. தலையிலுள்ள ரத்தக்குழாய்கள் வீங்கிப் புண்படும். ஏறக்குறைய 50 வயதைத் தாண்டியவர்களுக்கே வரும். வட ஐரோப்பியர்களிடம் அதிகம், நம்மிடம் அரிது. தலை சீவும்போது மண்டைத்தோல் வலிக்கும், மெல்லும்போது தாடை வலிக்கும். ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்காவிட்டால் பார்வையே போகலாம்.

வயதானவர்களிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம். குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டதை அவரே மறந்திருப்பார். சில வாரம் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், பேச்சில் குழப்பம் என்று வெளிப்படும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், மண்டையோட்டில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்தால் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.