பிள்ளை தூளுக்கு அடிமையானால்... மறைக்காதீர்கள், மருந்து தேடுங்கள்



திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நமது ஊர்களில், பிள்ளை ஹெரோயினுக்கு அடிமையாகிவிட்டான் என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது கதவை அடைப்பதுதான். "தங்கச்சியின் கலியாணம் குழம்பிவிடும், ஜமாஅத்தில் தலைகாட்ட முடியாது" என்று உம்மா மறைக்கிறார். வாப்பா அடிக்கிறார். காக்கா அறையில் போட்டுப் பூட்டுகிறார். இதற்குள் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. வீட்டிலிருந்த நகையும் ஒவ்வொன்றாகப் போய்விடுகிறது.

போதை ஹராம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பாவமாகத் தொடங்கியது நோயாகவும் முற்றிவிடும். நோயாளியிடம் "விட்டுவிடு" என்று சொன்னால் மட்டும் போதாது. மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். நோய்க்கு மருந்து தேடுவது நமது மார்க்கம் காட்டிய வழிதானே?

இது எப்படிப் பிடிக்கிறது?

அபினிலிருந்து எடுக்கும் மோர்பினை மாற்றிச் செய்ததே ஹெரோயின். 1898ஆம் ஆண்டு ஜெர்மனியின் பேயர் கம்பெனி இதனை இருமல் மருந்தாகவே விற்றது. பிறகுதான் அதன் கொடுமை உலகுக்குத் தெரிந்தது. நமது நாட்டில் 1980களின் தொடக்கத்தில் இது பரவத் தொடங்கியது.

தொடர்ந்து பாவிப்பவரின் உடல் அந்தத் தூள் இல்லாமல் இயங்க மறந்துவிடுகிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் மூக்கு ஒழுகும், உடம்பு முறியும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், தூக்கம் போகும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் இது உச்சத்துக்கு ஏறும். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். இந்த நாட்களில் வைத்தியர் தரும் மருந்து வேதனையைக் குறைக்கும்; உடலில் நீர் வற்றாமல் காக்கும். பூட்டிய அறையில் இந்த இரண்டுமே கிடைக்காது.

உடம்பு தெளிவதுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மனதின் ஏக்கம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். மீண்டும் ஒருமுறை வழுக்கி விழுவது இந்நோயின் இயல்பு. அதைக் கண்டு பிள்ளையைக் கைகழுவிவிடக் கூடாது.

எங்கே போவது?

முதலில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநல மருத்துவரைக் காணுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அதன் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். கொழும்பில் சுமித்ரயோவின் 'மெல் மெதுர' நிலையமும் இந்தப் பணியைச் செய்துவருகிறது. தனியார் நிலையமானால் சபையின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்டுவிட்டே பிள்ளையை ஒப்படையுங்கள். சங்கிலியும் பிரம்பும் சிகிச்சை அல்ல.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி, நீதவானின் கட்டளையால் ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பவும் முடியும். பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு நிலையத்தின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே ஒருவர் உயிரிழந்ததும், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் செய்தியாயின. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே, 2012ஆம் ஆண்டு, ஐ.நா.வின் பன்னிரண்டு அமைப்புகள் ஒன்றுகூடி, கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடிவிட்டு விரும்பி வருவோருக்கான சிகிச்சையை வளர்க்கும்படி உலக நாடுகளைக் கேட்டிருந்தன. ஆகவே பொலிஸில் பிடித்துக்கொடுப்பதை முதல் வழியாகக் கொள்ளாதீர்கள். பிள்ளை தானாக இணங்குமாறு பேசிப் பாருங்கள்.

மருந்துக்கு மருந்தா?

மெதடோன், புப்ரெனோர்பின் என்ற மருந்துகளை மருத்துவர் அளந்து கொடுத்தால் ஏக்கம் அடங்கும், மனிதன் வேலைக்குப் போவான். உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நமது நாட்டில் இம்முறை பரவலாகவில்லை. மலேசியாவிலோ 2010ஆம் ஆண்டு, கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெதடோன் கொடுக்கத் தொடங்கினார்கள்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதை நாம் போதை என்பதில்லை. உயிரைக் காக்க, தகுந்த வைத்தியர் அளவோடு தருவது வேறு. இன்பத்துக்காகத் தேடுவது வேறு.

திரும்பி வந்த பின்

சகோதரிகளே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ திரும்பும் பிள்ளைக்குத்தான் ஆபத்து மிக அதிகம். சில மாதம் தூள் இல்லாதிருந்த உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இதை அவனிடமும் வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்.

தட்டி எழுப்பியும் விழிக்காமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால், பக்கவாட்டில் கிடத்தி உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். நலொக்சோன் என்ற மருந்து இந்த மூச்சுத் தடையை மீட்கும். வைத்தியரிடம் என்ன எடுத்தான் என்பதை மறைக்காதீர்கள். மானத்தைப் பார்த்தால் மையித்தைத்தான் பார்க்க நேரும்.

வந்த பிள்ளையைப் பழைய கூட்டத்திடம் விட்டுவிடாதீர்கள். கடலுக்கோ கடைக்கோ பட்டறைக்கோ, ஏதாவதொரு வேலைக்கு அனுப்புங்கள். சம்பளப் பணம் ஆரம்பத்தில் உம்மாவின் கையிலோ மனைவியின் கையிலோ இருக்கட்டும். "குடுக்காரன்" என்று யாரும் வீட்டில் அழைக்கக் கூடாது. தவ்பாச் செய்து திரும்பியவரின் பழைய பாவத்தைக் குத்திக்காட்டும் உரிமை நமக்கு இல்லை. ஜமாஅத்துக்காரர்களும் அவனுக்கு ஸஃப்பில் இடம் விட்டு, ஸலாம் சொல்லட்டும்.

தாய்மார்களே, துஆவைக் கைவிடாதீர்கள். துஆவுக்குக் கையேந்தும் நீங்கள், பிள்ளையின் கையைப் பிடித்து வைத்தியசாலைக்கும் கூட்டிச் செல்லுங்கள். வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளைக் காப்பானாக!