கூத்தம்பலமும் ஏழு கோடியும்
மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள் பெரும்பாலும் டிக்கெட், ஸ்பான்சர், நன்கொடை என்று ஓடுகின்றன. திருவான்மியூர் கலாக்ஷேத்ரா கதை வேறு. ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய இதற்கு 1993-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. மத்திய அரசு மானியம் வருகிறது, கூடவே சிஏஜி தணிக்கையும்.

மானியம் வாங்கினால் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கணும். 'கொடுத்த காரியத்துக்கே செலவழித்தோம்' என்று வாங்கியவரே எழுதித் தருவது அது. என்னைக் கேட்டால், தனியாக அதற்கு மதிப்பு கம்மி. தணிக்கைக்காரர் அதன் பின்னால் போவார்: டெண்டர் கோப்பு, மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில்.

கேரள பாணியில் கட்டிய கூத்தம்பல அரங்கையே எடுத்துக்குவோம். அதைப் புதுப்பிக்கச் சுமார் 7.02 கோடி ரூபாய் செலவானது. 2019 டிசம்பரில் சிபிஐ வழக்குப் பதிந்தது. திறந்த டெண்டர் விடாமல், நியமன முறையில், பொது நிதி விதிகளை மீறி வேலை கொடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு (தீர்ப்பு அல்ல, அதை மறக்க வேண்டாம்).

'இப்படிப்பட்ட அரங்கை எல்லாராலும் தொட முடியுமா?' என்று கலைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விதியும் நியமனத்தை அடியோடு தடுக்கவில்லை. அரிதான சூழலில் ஆலோசகரை அப்படி எடுக்கலாம். ஆனால் 'ஏன் இவர் மட்டும்' என்பதை முன்கூட்டியே கோப்பில் எழுதி, ஒப்புதல் வாங்கியிருக்கணும். அரங்கு அழகா, ஒலி நல்லாருக்கா என்று தணிக்கை பார்ப்பதில்லை. அந்தக் குறிப்பு எங்கே, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்றுதான் கேட்கும்.

தணிக்கையான கணக்கு வருஷாவருஷம் நாடாளுமன்றத்தில் வைக்கப்படணும். ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் நடனப் படங்களைத் தாண்டி, கணக்குப் பக்கங்களுக்கு நேரே போங்க.