கணிப்பொறியை முடுக்கிவிடலாமா?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் அண்ணன். பிரதிவாதி அவருடைய கணிப்பொறி. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் நடக்கும் திருமணங்களை வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது அண்ணனின் தொழில். தொகுத்து முடித்த ஒரு மணி நேரப் படத்தை ஒரே கோப்பாக எழுதி எடுக்க அந்தக் கணிப்பொறிக்கு இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கும். “ஓவர்கிளாக் செய்து பார், பறக்கும்!” என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டிவிட்டார்.

ஓவர்கிளாக் என்றால் என்ன, தோழியரே? கணிப்பொறியின் மூளையாகிய செயலிக்குள் ஒரு தாளம் ஓயாமல் ஒலிக்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 400 கோடித் துடிப்புகள். தயாரித்தவர்கள் குறித்த அளவுக்கு மேல் இத்தாளத்தை முடுக்குவதே ஓவர்கிளாக்கிங். எல்லாச் செயலியும் இதற்கு இணங்காது. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் பெயரின் முடிவில் ‘கே’ என்ற எழுத்துள்ளவையே இதற்குத் திறந்திருக்கும்; மற்றவை பூட்டியே வருகின்றன. பூட்டுக்குப் பெயர்போன நம் ஊராராலும் அதைத் திறப்பது கடினந்தான்!

ஒரு காலத்தில் இதில் நல்ல ஆதாயம் இருந்தது. 1998இல் வந்த செலரான் 300ஏ என்னும் 300 மெகாஹெர்ட்ஸ் செயலியைப் பலர் 450இல் ஓட்டினார்கள். இன்றைய செயலிகளோ தேவைப்படும்போது தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நமக்கு மிச்சம் வைப்பது கொஞ்சமே.

அண்ணன் 4இலிருந்து 4.4க்கு ஏற்றினார். கணக்கைப் பாருங்கள்: 60 நிமிட வேலை சுமார் 54½ நிமிடமாகும். இலாபம் ஐந்தரை நிமிடம். ஆனால் வேகம் கூடும்போது செயலி தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தையும் ஏற்றவேண்டும். செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப வளரும். இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்தினால் மின்திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அத்தனையும் வெப்பம்!

கணிப்பொறியின் விசிறி அறைக்காற்றைத்தான் வீசுகிறது. அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் அது ஆக்க முடியாது. கொடைக்கானலில் மே மாதத்திலும் காற்று 20 டிகிரி அளவில் இருக்கும். கீழே நம் சமவெளியில் 37, 38. பல செயலிகள் 100 டிகிரியை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துவிடும். ஏற்றிய வேகம் அங்கேயே இறங்கிப் போயிற்று.

மூன்றாம் நாள், ஐம்பதாவது நிமிடத்தில் திரை அப்படியே நின்றது. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். அன்று சனிக்கிழமை இரவு. அண்ணனின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

1994இல் வெளிவந்த ‘மகாநதி’ திரைப்படம் ஆவிட் என்னும் கணிப்பொறி முறையில் தொகுக்கப்பட்டது. அக்காலக் கணிப்பொறிகள் இன்றைய கைபேசியைவிடப் பன்மடங்கு மந்தமானவை. பின் எப்படி முடிந்தது? படத்தின் தரம் குறைந்த நகலைக் கணிப்பொறியில் ஏற்றி, அதில் வெட்டி ஒட்டி, அந்தக் குறிப்பின்படி மூலப் படச்சுருளை வெட்டுவதே அந்நாளைய முறை. இன்றும் அதுவே உண்டு, பிராக்ஸி என்பார்கள். சிறிய நகலில் தொகுத்தால், கடைசியில் எழுதும்போது மென்பொருள் மூலக்கோப்பையே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வெட்டுக்கும் படம் திக்கித் திணறுவது நின்றுவிடும்.

எழுதி எடுப்பதற்கும் வழியுண்டு. 2011 முதல் இன்டெல் செயலிகள் பலவற்றில் படத்தைச் சுருக்கி எழுதுவதற்கென்றே குவிக் சிங்க் என்னும் தனிச் சுற்று இருக்கிறது. மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். படத்தின் தரம் ஒரு மயிரிழை குறையலாம். மணமக்கள் கைபேசியில் பார்க்கும்போது அது தெரியவா போகிறது? அன்றிரவு அண்ணன் அதைத்தான் செய்தார். இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

நல்ல குளிர்விப்பானும், சோதித்துப் பார்க்க நாள்களும் உள்ளவர்கள் சிறிது முடுக்கிப் பார்க்கலாம். நாள் குறித்து வேலை வாங்கியவருக்கு இது ஆகாது என்பது என் கட்சி.

மறுநாள் வேகத்தைப் பழையபடி 4க்கே இறக்கிவிட்டு, அண்ணன் பெட்டியைத் திறந்தார். விசிறியின் இறகுகளில் ஓராண்டுத் தூசி! ஓவிய வகுப்புக்கென நான் வைத்திருந்த தூரிகையால் அதைத் துடைத்தோம். வெப்பம் ஒன்பது டிகிரி குறைந்தது. தூரிகை மட்டும் இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.