குளிர்ப் போர்வைக்கு ஏற்ற பஞ்சு எது?

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் வாழ்வோருக்கு மார்கழி, தை மாதங்களில் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த போர்வை இன்றியமையாதது. பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருளாதலின், அதனுள் அடைத்திருப்பது யாது என்று அறிந்து வாங்குதல் நலம். பஞ்சை விளைவிப்போரும் துணியை நெய்வோருமாகிய நமக்கு இவ்வறிவு இருமடங்கு தேவை.

போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. ஆகவே கனமான போர்வைதான் கதகதப்பானது என்று எண்ணுவது தவறு. குறைந்த எடையில் மிகுந்த காற்றைப் பிடித்து வைப்பதே சிறந்தது. குளிர்நாட்டார் இதற்காக வாத்தின் இறகுகளுக்கு அடியிலுள்ள மெல்லிய தூவியைப் பயன்படுத்துவர். அதன் விலை அதிகம், நனைந்தால் கட்டியாகிவிடும். அதற்கு மாற்றாக நமக்கு எளிதில் கிடைப்பவை மூன்று.

முதலாவது இலவம்பஞ்சு. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் வட்டாரம் இதற்குப் பெயர் பெற்றது. இதன் இழை உள்ளே குழல்போல வெறுமையானது. மேலே இயற்கையான மெழுகுப் பூச்சும் உண்டு. ஆகவே மிக இலேசாக இருக்கும். நீரும் எளிதில் ஒட்டாது. கப்பலில் செல்வோரின் மிதவைச் சட்டைகளில் ஒரு காலத்தில் இப்பஞ்சையே அடைத்தனர். ஆனால் இழை எளிதில் முறியும், அடிக்கடி துவைத்தால் தாங்காது, நாளடைவில் அமுங்கும். வெயிலில் காயவைத்துத் தட்டிப் பயன்படுத்துவதே முறை. தீ விரைவில் பற்றும் என்பதால் விளக்கு, அடுப்பு இவற்றின் அருகில் வைக்கலாகாது.

இரண்டாவது பருத்திப் பஞ்சு. வியர்வையை உறிஞ்சி உடலுக்கு இதம் தரும். எனினும் ஈரத்தை விரைவில் விடாது. அமுங்கிக் கட்டி சேரும். ஆயின் உறையைப் பிரித்து மீண்டும் பஞ்சைக் கொட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். நன்றாகக் கொட்டிய சிறிதளவு பஞ்சே போதும் என்பதற்கு ஜெய்ப்பூரின் மெல்லிய ரஜாய் சான்றாகும்.

மூன்றாவது பாலியெஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்ட செயற்கை இழை இது. இலேசானது, துவைக்கலாம், விரைவில் உலரும். வியர்வையை உறிஞ்சாததால் சிலருக்குப் புழுக்கமாக இருக்கும், மண்ணில் மக்காது.

வாங்குமுன் பஞ்சைச் சோதிப்பது எளிது. சிறிது எடுத்து விரல்களால் திரித்துப் பாருங்கள். பருத்தி நூலாகத் திரளும். இலவம்பஞ்சு வழுவழுப்பாக வழுக்கி, திரியாமல் பிரியும். ஓரிழையைக் கவனமாகத் தீயில் காட்டினால் முன்னிரண்டும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும்.

அடுத்து, மேலுறையையும் தையலையும் கவனியுங்கள். பாவும் ஊடையும் நெருங்கிய துணியே பஞ்சைக் கசியவிடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெசவின் இடைவெளி தெரிந்துவிடும். தையல் சிறுசிறு கட்டங்களாக இருப்பின் பஞ்சு ஒருபுறம் ஒதுங்காது. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு என்றும் கேளுங்கள். 1.5 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் நீளமும் உள்ள போர்வையின் பரப்பு 3.3 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் எனில் மொத்தம் 660 கிராம் இருத்தல் வேண்டும். இக்கணக்கை ஒரே வகைப் பஞ்சுக்குள் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எதைத் தேர்வது? அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைகள், நோயாளிகள் போர்வைக்குப் பாலியெஸ்டர் வசதியானது. நம் பொருளன்று என்பதற்காக இதை மறைத்தல் முறையன்று. வெயிலில் உலர்த்தும் வசதியுள்ள வீட்டுக்கு இலவம்பஞ்சு ஏற்றது. வியர்வை மிகுந்த சமவெளிக்கு மெல்லிய பருத்திப் போர்வையே போதும்.

நம் சங்கங்கள் போர்வை தைத்து விற்குமாயின், உள்ளே இருக்கும் பஞ்சின் வகையையும் எடையையும் சீட்டில் எழுதி ஒட்டுதல் கடமை. இலவம்பஞ்சென்று சொல்லிக் கழிவுப் பஞ்சை அடைத்தால், கெடுவது விற்றவர் பெயர் மட்டுமன்று. மரம் வளர்த்தவர் பெயரும் உறை நெய்தவர் பெயரும் சேர்ந்தே கெடும். இலவு காத்த கிளி பழத்தை எதிர்பார்த்துப் பஞ்சைக் கண்டது. நம்மை நம்பிப் பஞ்சை வாங்குபவர் அக்கிளியைப் போல் ஏமாறலாகாது.