விண்டோஸ் 7 கணினியில் பகிர்வுக் கோப்புறை தெரியவில்லையா?

ஆசிரியர் அறைக் கணினியில் எஸ்.பி.எம். தமிழ்மொழி மாதிரித் தாள்களை ஒரு கோப்புறையில் போட்டுப் பகிர்ந்திருப்பீர்கள். கணினி அறையில் உள்ள பழைய விண்டோஸ் 7 கணினியில் மாணவர் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் ஒன்றுமே இருக்காது. உடனே "பகிர்வு போயிடுச்சு" என்று பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பட்டியலில் பெயர் தெரிவது வேறு, கோப்புறை திறப்பது வேறு. பல வேளைகளில் பட்டியல்தான் காலி. கோப்புறை அங்கேயேதான் இருக்கு.

முதலில் இதைச் செய்து பாருங்க. விண்டோஸ் விசையோடு 'ஆர்' விசையை அழுத்தினால் ஒரு சிறு கட்டம் வரும். அதில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, பகிர்ந்த கணினியின் பெயரைத் தட்டி எண்டர் கொடுங்கள். திறக்காவிட்டால் பெயருக்குப் பதிலாக அதன் ஐபி எண்: \\192.168.1.12 என்பதுபோல. இந்த எண்ணை அக்கணினியின் நெட்வொர்க் இணைப்பில் 'டீட்டெயில்ஸ்' அழுத்திப் பார்க்கலாம்.

திறந்துவிட்டதா? அப்படியானால் சிக்கல் பட்டியலில் மட்டும்தான். விண்டோஸ் 7 முதன்முதலில் இணையும்போது வீடா, வேலையிடமா, பொது இடமா என்று கேட்கும். யாரோ 'பப்ளிக்' என்று அழுத்தியிருந்தால் மற்ற கணினிகளைக் காட்டாது. அதை 'வொர்க்' என்று மாற்றி, மேம்பட்ட பகிர்வு அமைப்பில் 'நெட்வொர்க் டிஸ்கவரி'யை இயக்குங்கள்.

திறக்கவே இல்லையென்றால் இரண்டு கணினிகளின் ஐபி எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு வலையமைப்பில் இருக்கின்றன. ஒன்று கேபிளில், மற்றது வைஃபையில் இருந்தால் இப்படி நடக்கும். எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இருக்காது. ஒரே இணைப்புக்குக் கொண்டுவர வேண்டும். எண்கள் சரியாக இருந்தால், பகிரும் கணினியில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இயங்குகிறதா என்று பாருங்கள்.

கடவுச்சொல் கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள், கணினி கிடைத்துவிட்டது! ஆனால் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 10-இல் தினமும் தட்டும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. பகிரும் கணினியில் உள்ள பயனர் பெயரும் அதன் முழுக் கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் வழக்கமாக ஏற்காது. மாணவர்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். கடவுச்சொல் பாதுகாப்பையே நீக்கிவிடுவது சுலபம்தான், ஆனால் அதே கணினியில் மதிப்பெண் பட்டியலும் இருக்குமே!

இணையத்தில் தேடினால் 'எஸ்எம்பி 1'-ஐ இயக்கச் சொல்வார்கள். வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2 தெரியும், பழையது தேவையில்லை. எக்ஸ்பிக்கு மட்டும் எஸ்எம்பி 1-ஐ விட்டால் வேறு வழி கிடையாது. அங்கே பென்டிரைவே மேல்.

கோப்புறை திறந்ததும் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' மூலம் அதற்கு 'இசட்' என்று எழுத்துக் கொடுத்து, மறுபடி உள்நுழையும்போது இணைக்கும்படி குறியிடுங்கள். ஐபி எண் மாறக்கூடும் என்பதால் கணினியின் பெயரையே பயன்படுத்துங்கள். அப்புறம் மாணவர்கள் 'நெட்வொர்க்' பக்கமே போக வேண்டியதில்லை.