புகையிலைக் கறை படிந்த சுவருக்கு வண்ணம் பூசுதல்

புகையிலைக் கறை என்பது பீடி, சுருட்டு, சிகரெட் ஆகியவற்றின் புகை பல ஆண்டுகள் படிவதால் வீட்டின் உட்சுவரிலும் உட்கூரையிலும் உண்டாகும் மஞ்சள் அல்லது பழுப்பு நிறப் படிவு ஆகும். இதனை நிகோட்டின் கறை என்றும் கூறுவர். தூய நிகோட்டினுக்கு நிறமில்லை; காற்றுப் பட்டால்தான் அது பழுப்பாகும். சுவர் நிறம் மாறுவதற்குப் புகையிலுள்ள தார் என்னும் பிசுபிசுப்பான பொருளே பெரிதும் காரணம்.

கறை மீண்டும் தெரிவது ஏன்?

எமல்ஷன், டிஸ்டெம்பர் ஆகியவை நீர் கலந்த வண்ணங்கள். கறையின் மேல் இவற்றை நேரே பூசினால், அந்த நீரில் கறையின் ஒரு பகுதி கரைந்து, வண்ணம் உலரும்போது மேலே வந்துவிடும். பெயிண்ட் தரமில்லை என்று எண்ணி மூன்றாவது, நான்காவது பூச்சுக்குச் செலவழிப்போர் உண்டு. அது வீண் செலவு.

கழுவுதல்

வேலையில் முக்கால் பங்கு இதுதான். முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரையில் தார்ப்பாய் விரிக்க வேண்டும். ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து, கையுறை அணிந்து, பஞ்சு அல்லது துணியால் தேய்க்க வேண்டும். தேய்ப்பது கீழிருந்து மேலாக இருத்தல் நல்லது. மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு கோடாகப் படியும். அக்கோடுகளைப் போக்குவது கடினம். சோடா தங்கினால் வண்ணம் சரியாகப் பிடிக்காது. ஆகையால் நல்ல நீரால் இருமுறையாவது அலச வேண்டும்.

சுண்ணாம்பு அடித்த பழைய சுவருக்கு இம்முறை பொருந்தாது. நீர் பட்டால் சுண்ணாம்பு குழைந்துவிடும். அதைச் சுரண்டி எடுப்பதே வழி. பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

தடுப்புப் பூச்சு

சுவர் உலர்ந்ததும் எண்ணெய் அடிப்படையிலான அல்லது அரக்கு கலந்த, கறை தடுக்கும் பிரைமர் பூச வேண்டும். மரச்சாமான்களுக்கு மெருகேற்றப் பயன்படும் அதே அரக்குதான் இது. ஸ்பிரிட்டில் கரைந்திருப்பதால் அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பிரைமரும் எமல்ஷனும் பூசி ஒரு நாள் பார்த்தால், இன்னொரு கை பிரைமர் தேவையா என்பது தெரிந்துவிடும். பட்டி பார்ப்பதும் இரண்டு கை எமல்ஷன் பூசுவதும் வழக்கம்போலவே.

கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் போன்ற ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் சுவர்கள் ஈரம் காக்கும். தை பிறந்த பின் தொடங்குவதே ஏற்றது. பொங்கலுக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று ஈரச் சுவரில் பூசினால் வண்ணம் உப்பி உரியும்.

உடல்நலம்

புகைத்தவர் வீட்டைக் காலி செய்த பின்னும் பரப்புகளில் தங்கும் எச்சத்தை மூன்றாம் நிலைப் புகை என்பர். சுவரில் படிந்த நிகோட்டின், எரிவாயு அடுப்பு முதலியவற்றிலிருந்து வரும் நைட்ரசு அமிலத்துடன் வினைபுரிந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களைத் தருவதை 2010-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் காட்டினர். தவழும் குழந்தை சுவரைத் தொட்ட கையை வாயில் வைக்கும். வாடகை வீட்டிற்குப் புதிதாகக் குடிவருவோர் வண்ணத்தின் நிறத்தைக் காட்டிலும் சுவர் கழுவப்பட்டதா என்பதைக் கேட்டறிவது நல்லது. சுவரை முடித்த பின்னும் நாற்றம் போகவில்லையெனில் திரைச்சீலை, மெத்தை, மின்விசிறி இறக்கைகளின் மேற்பக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.